இக்கான் பிலிஸ் எழுதிக்கொண்டிருக்கிறார்

தேநீர் இடைவேளையில் தொழிற்சாலை அலுவலகத்தின் சமையலறையில் நின்று யோகேஸ்வரி மைலோ கலக்கிக்கொண்டிருந்தபோது அன்றைய கடைசிக் கேள்வி குழுவில் வந்தது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயங்கள்? விடை அவளுக்குத் தெரியும். ஆனால் கரண்டியை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுப்பதற்குள் இரண்டு பேர் மூன்று என்று எழுதிவிட்டார்கள். ஒருவர் எட்டு என்றார். அதற்கடுத்து இக்கான் பிலிஸ் என்ற பெயரில் விளையாடுகிறவரின் விடை வந்தது. 'ரெண்டு. ஒண்ணு தூங்கும்போது இன்னொண்ணு முழிச்சிருக்கும்.'

குழுவில் சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. 'ஐயோ அலமாக், பிலிஸ் அண்ணனுக்கு இன்னைக்கு முட்டை' என்று யாரோ எழுதினார்கள். யோகேஸ்வரி சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். கல்யாணமான புதிதில் தீவுக்குப் போகலாம் என்று மெர்சிங் படகுத்துறைக்குப் போய், காற்று பலமாக இருந்ததால் படகு கிளம்பாமல் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், மீன் தட்டில் சுருண்டு கிடந்த ஆக்டோபஸைக் காட்டி ஹேமநாதன் அதைச் சொன்னான். அவள் கைப்பேசியில் தேடி மூன்று என்று காட்டியும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. மீன்காரர் அறுத்துக் காட்டியதைக் கண்ணால் பார்த்ததாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சாதித்தான். அதை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய இன்னொரு ஆள் அவள் கணவன் மட்டும்தான். அவனோ இந்த நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், கைப்பேசியை உள்ளே விடாத ஒரு சிப் தொழிற்சாலையில் இருக்க வேண்டியவன்.

'தேநீர் வினா' என்பது டெலிகிராமில் இருந்த குழு. ஊரடங்குக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது குளுவாங்கைச் சேர்ந்த தயானந்தன் என்ற ஓய்வுபெற்ற தபால் அதிகாரி அதைத் தொடங்கினார். வேலை நாள்களில் சாயங்காலத் தேநீர் நேரத்துக்கு ஐந்து கேள்விகள் வரும். பரிசு எதுவும் கிடையாது. முதலில் சரியாகச் சொல்கிறவருக்குக் கேள்வி கேட்டவர், சாரோங் கட்டிய ஒரு பூனைப் படத்தை அனுப்புவார், அவ்வளவுதான். இணையத்தில் தேடிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். தேடுகிறார்களா என்று பார்க்க யாராலும் முடியாது என்பதால் அது நம்பிக்கையில் ஓடிய சட்டம். தாதியர், லாரிக் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி, டியூஷன் ஆசிரியை என்று ஜொகூரின் பல ஊர்களிலிருந்தும் ஆள்கள் இருந்தார்கள். பாதிப் பேர் புனைபெயரில் விளையாடினார்கள். யோகேஸ்வரி அவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு விளையாட்டு வரும், யாருக்குத் தலைநகரங்கள் வராது, யார் தோற்றால் கோபித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேள்வி கேட்கும் முறை எல்லோருக்கும் சுற்றி வரும். மறுநாள் அவளுடைய முறை.

ஹேமநாதன் குழுவில் இல்லை. வேலைக்குள் நுழையும்போதே கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், எனக்கு எங்கே கொடுத்து வைத்திருக்கிறது என்பான். அதனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைய கேள்விகளை அவள் அவனிடம் மறுபடி கேட்பாள். தீபாவளி முடிந்து சில வாரங்களில் இக்கான் பிலிஸ் வந்து சேர்ந்ததையும் அப்படித்தான் சொன்னாள். நெத்திலிக் கருவாட்டின் மலாய்ப் பெயரை வைத்துக்கொண்டு புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிறார், சரித்திரக் கேள்வியெல்லாம் விட்டு விளாசுகிறார், தப்பாகச் சொன்னாலும் சிரிக்கவைத்துவிடுகிறார் என்றாள். ஹேமநாதன் சோற்றைப் பிசைந்தபடி, அந்த ஆள் அவ்வளவு கெட்டிக்காரனா என்று கேட்டான்.

அது இப்போது நினைவுக்கு வந்ததும் மைலோவைக் குடிக்காமல் தன் மேசைக்குத் திரும்பினாள். அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டு பிரேமளா உட்கார்ந்திருந்தாள். யோகேஸ்வரி பார்த்துவந்த சரக்கு அனுப்பும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் புதுப் பெண். ஆயர் ஈத்தாமில் மூத்த மைத்துனர் வீட்டில் இருந்த மாமியார் அங்கம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். மைத்துனர் வீட்டாரால் இனி பார்க்க முடியாது என்றாகிவிட்டது. வரும் சனிக்கிழமை அம்மாவை இங்கே கூலாய்க்கு அழைத்து வருவது என்றும், யோகேஸ்வரி வேலையை விட்டுவிட்டுக் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்றும் முடிவாகியிருந்தது. ஹேமநாதனின் சிங்கப்பூர்ச் சம்பளம் இருக்கும் தைரியத்தில் எடுத்த முடிவு. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் கொஞ்சம் பொறு, அவசரப்படாதே என்றான். தன் அம்மாவுக்காக மனைவி வேலையை விடுவதில் அவனுக்குச் சங்கடம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்தச் சங்கடம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதனால் அவன் பொறு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கூட வேலை செய்யும் யாரிடமாவது அவன் அந்த ஆக்டோபஸ் கதையைச் சொல்லியிருக்கலாம், அந்த ஆள்தான் இக்கான் பிலிஸ் என்று முதலில் நினைத்துப் பார்த்தாள். அப்படியானால் அந்த ஆளுக்கும் பகலில் கைப்பேசி இருக்காதே. பிரேமளா திரையில் எதையோ காட்டிக் கேட்க, யோகேஸ்வரி பதில் சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் இக்கான் பிலிஸின் பழைய விடைகளை மேலே தள்ளிப் படித்தாள். நேற்று வரை வெறும் எழுத்தாக இருந்தவை எல்லாம் அவன் குரலில் கேட்டன. ஒரு நாள் தயானந்தன் ஐயா, பிலிஸ் தம்பி என்ன வேலை செய்கிறீர்கள், எந்நேரமும் முதல் ஆளாக நிற்கிறீர்களே என்று கேட்டிருந்தார். 'காத்திருக்கிற வேலைங்க ஐயா' என்று பதில் வந்திருந்தது. அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களில் யோகேஸ்வரியும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து துணி ஊறவைத்தபோது இன்னொன்றையும் கண்டாள். பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து வருகிறவனின் சட்டைக் காலர் எப்போதும் கறுத்துப்போயிருக்கும். சோப்புத் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிடும். இன்று தண்ணீர் தெளிவாக இருந்தது. எத்தனை நாள்களாக இப்படித் தெளிவாக இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. தினமும் அவள் கையால்தான் அந்தச் சட்டைகளைத் துவைத்தாள்.

அப்போது குழுவில் லோஷினி ஒரு படம் போட்டாள். சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்துவிட்டுத் தினமும் மோட்டாரில் திரும்புகிறவள். பாலத்தில் லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது, இரண்டு மணி நேரமாக ஒரு மோட்டாரும் நகரவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்று எழுதியிருந்தாள். யோகேஸ்வரி அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹேமநாதனின் மோட்டார் வந்து நின்றது. வழக்கமாக வரும் நேரம்.

அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் சோற்றை வைத்தாள்.

"இன்னைக்கு ஜாம் எப்படிங்க?"

"பரவால்ல லா. கொஞ்சம் கம்மிதான்."

அவள் குழம்பை ஊற்றினாள். அவன் வழக்கம்போல அன்றைய கேள்விகளைக் கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் கேள்விக்கு யோசிப்பதுபோல் மேலே பார்த்தான், பிறகு விடை சொன்னான். இரண்டாவதுக்குத் தெரியாது என்றான். இக்கான் பிலிஸ் அதற்கு முதல் ஆளாகப் பதில் சொல்லியிருந்தார். நான்காவது கேள்வி முடிந்ததும் அவள் நிறுத்திக்கொண்டு தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் தள்ளினாள்.

"அஞ்சு இல்ல வரும்?" என்றான்.

"இன்னைக்கு நாலுதான்."

அது பொய் என்று அவனுக்குத் தெரியும். பொய் என்று சொல்ல அவனால் முடியாது. சோற்றில் இருந்த அவன் விரல்கள் அப்படியே நின்றன. பிறகு மெதுவாகப் பிசையத் தொடங்கின. ரசம் இருக்கிறதா என்று கேட்டான். தொலைக்காட்சியில் செய்தி வந்தபோது அவன் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தான். பாலமும் லாரியும் திரையில் ஓசையில்லாமல் ஓடின.

கேட்டிருக்கலாம். படுத்த பிறகும், விடியுமுன் அவன் எழுந்து மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனபோதும் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் இன்னொரு பொய் சொல்வான், அதையும் தான் நம்புவது போல நிற்க வேண்டிவரும் என்ற பயம் அவளைத் தடுத்தது. இன்னொரு பெண்ணாக இருக்குமோ என்ற எண்ணம் வந்தது. ஆனால் இன்னொரு பெண்ணோடு இருக்கிறவன் மனைவி விளையாடும் புதிர்க் குழுவில் வந்து தலைநகரங்களின் பெயரை எழுதிக்கொண்டிருப்பானா? அந்த எண்ணம் நிற்கவில்லை. அது போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவும் இல்லை.

மறுநாள் தேநீர் நேரம் வந்தபோது, போன வாரமே அவள் தயார் செய்து வைத்திருந்த கேள்விகள் கைப்பேசியில் இருந்தன. கண்டங்கள், பூக்கள், ஒரு பழைய ஒலிம்பிக். அவற்றை விட்டுவிட்டாள். பிரேமளா பக்கத்தில் தனியாகவே ஒரு பட்டியலை முடித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். யோகேஸ்வரி எழுதினாள்: பாலத்துக்கு அடியில் இருக்கும் நீரிணையின் பெயர் என்ன?

ரொம்பச் சுலபம் என்று சிலர் முனகினார்கள். முதல் விடை இக்கான் பிலிஸுடையது. தெப்ராவ். அவள் பூனையை அனுப்பினாள்.

இரண்டாவது கேள்வி: சிப் தொழிற்சாலைக்குள் வேலைக்குப் போகிறவர் எதைக் கொண்டுபோகக் கூடாது?

மேலே, குழுவின் பெயருக்குக் கீழே, 'இக்கான் பிலிஸ் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. அதற்குள் ஒருவர் முகப் பவுடர் என்றார். ஒருவர் சிகரெட் என்றார். கைப்பேசி என்று லோஷினி எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற வரி மறைந்து போய்த் திரும்ப வரவில்லை. எல்லா விடையும் சரிதான் என்று தயானந்தன் ஐயா தீர்ப்புச் சொல்லி, கேள்வி கேட்கிறவர் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும் என்று யோகேஸ்வரியைச் செல்லமாகக் கண்டித்தார்.

அடுத்து என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. 'வேலை போனதை மனைவியிடம் மறைக்கிறவனுக்கு என்ன பெயர்?' என்று எழுதினாள். இத்தனை பேருக்கு முன்னால், யாருக்கும் புரியாமல், அவனுக்கு மட்டும் புரியும்படி. அனுப்பினால் அவன் எங்கே இருந்தாலும் அந்த இடத்திலேயே சுருங்கிப்போவான். கட்டைவிரல் அனுப்பும் அம்புக்குறியின்மேல் நின்றது. வேலை போய்விட்டது என்று தான் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டதை அந்த வரியைப் பார்த்தபோதுதான் அறிந்தாள். அதை அழித்தாள். வேறொன்றை எழுதினாள்.

'இது புதுமாதிரி. இந்த நிமிஷம் உங்க காதுல என்ன சத்தம் கேக்குது? உண்மையைச் சொல்ற எல்லாருக்கும் பூனை உண்டு.'

குழுவுக்கு அது பிடித்துப்போனது. காற்றாடி என்றார்கள். மழை என்றார்கள். பக்கத்து வீட்டில் சம்பல் இடிக்கிறார்கள், வாசனைகூட வருகிறது என்று ஒரு அம்மா எழுதினார். தயானந்தன் ஐயா, தன் மனைவி தன்னைத் திட்டும் சத்தம் என்றார். யோகேஸ்வரி காத்திருந்தாள். இக்கான் பிலிஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதிக்கொண்டே இருக்கிறார். ஒரு பத்தி வரும் என்று நினைத்தாள். மூன்று சின்ன வரிகள் வந்தன.

'ஒரு பொண்ணு மலாய்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. கடைசி அழைப்பாம். அவங்க இன்னும் வரல.'

அவளுடைய தொழிற்சாலைக் கூரைக்கு மேலே நாள் முழுக்க விமானங்கள் தாழப் பறந்து இறங்கும். செனாய் விமான நிலையம் காடியில் போனால் பத்து நிமிஷம்கூட இல்லை. கடைசி அழைப்பு என்ற சொல்லை அவள் மறுபடி படித்தாள். தினமும் சிங்கப்பூருக்குப் போய் வருகிறவனின் சட்டைப் பையில் கடப்பிதழ் எப்போதும் இருக்கும். வேறு ஆள்களைப்போல அலமாரியைத் திறந்து எடுக்க வேண்டியதில்லை. ஒரு டிக்கெட் இருந்தால் போதும்.

வேலையை அப்படியே பிரேமளாவிடம் விட்டுவிட்டு, காடிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வழியில் இரண்டு முறை அவனை அழைத்தாள். மணி போனது. அவன் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எடுக்காதவனாக இருக்க வேண்டும் அல்லவா, அதனால்தான் எடுக்கவில்லை என்று ஒரு புத்தி சொன்னது. இன்னொரு புத்தி விமானத்தின் கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் கிடந்த கைப்பேசியில் குழுவின் செய்திகள் ஒளிர்ந்துகொண்டே வந்தன. யோகேஸ்வரி தங்கச்சி, நான்காவது கேள்வி எங்கே? கேள்வி கேட்கிறவர் தூங்கிவிட்டாரா?

புறப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் அதிகமில்லை. மக்காவுக்கு உம்ரா போகும் ஒரு பெரிய குடும்பம் வழியனுப்பும் அழுகையோடு நின்றிருந்தது. அவர்களைத் தாண்டி, மின்செருகுவாய் இருந்த தூணுக்குப் பக்கத்து நாற்காலியில், அவள் இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு ஹேமநாதன் உட்கார்ந்திருந்தான். பெட்டி எதுவும் இல்லை. கைப்பேசி சார்ஜில் இருந்தது. அதை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், கிளினிக்கில் தன் எண் வருவதற்காகக் காத்திருக்கிறவன்போல. அவன் காத்திருந்தது தன்னுடைய நான்காவது கேள்விக்காக என்று அவளுக்குப் புரிந்தபோது, வரும் வழியெல்லாம் திரட்டி வைத்திருந்த சொற்கள் கலைந்துவிட்டன.

திரும்பிப் போய்விடலாம். அவன் மாலையில் வீட்டுக்கு வருவான், ஜாம் பற்றிப் பேசுவான், சனிக்கிழமை அம்மா வருவார். அவள் ஓரிரு நிமிஷம் அந்தக் குடும்பத்துக்குப் பின்னாலேயே நின்றாள். பிறகு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் திடுக்கிடவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"நேத்து நீ நாலுன்னு சொன்னப்பவே நெனச்சேன்" என்றான்.

"எப்போலேருந்து?"

"தீபாவளி போனஸ் குடுத்தாங்க. அடுத்த வாரம் எங்க லைனையே மூடிட்டாங்க. பாஸை வாங்கிக்கிட்டு கேட் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க."

மீதியை அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதல் வாரம் ஸ்கூடாயில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தானாம். கடைக்காரர் பார்வை மாறியதும் இங்கே வந்துவிட்டான். இங்கே யாரும் எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை, எல்லோரும் காத்திருக்கிறவர்கள்தான். இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் விண்ணப்பம் போடாத கிலாங் இல்லை. இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், வயதைக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். தினமும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் மோட்டாரை வீட்டுப் பக்கம் திருப்புவானாம்.

"நான் வேலையை விடுறேன்னு சொன்னப்போ?"

"அன்னைக்குச் சொல்லணும்னுதான் வந்தேன். நீ ஆபீஸ்ல சொல்லிட்டேன்னு சந்தோஷமா வந்து நின்ன. அதுக்கு மேல வாய் வரல, யோகேஸ்."

"என் நாக்காலில இப்போ அந்தப் பொண்ணு உக்காந்திருக்கு" என்றாள் அவள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வீட்டுல வந்து ஜாம்னு சொன்னீங்க. அந்த பிலிஸ் கெட்டிக்காரனான்னு என்கிட்டயே கேட்டீங்க. நான் பைத்தியம் மாதிரி உங்களைப் பத்தி உங்ககிட்டயே சொல்லிச் சிரிச்சிருக்கேன்."

அவன் சார்ஜ் வயரைப் பிடுங்கி விரலில் சுற்றினான்.

"எதுக்கு அந்தக் குழுவுக்கு வந்தீங்க?"

அவன் கவிழ்த்து வைத்த கைப்பேசியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "பகல்ல வேற எங்க போறது? நீ அங்கதான இருப்ப."

அவளுக்கு அழுகை வந்தது. அது இரக்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை அம்மா வருவது மாறாது என்றாள். மேனேஜர் இன்னும் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் இருப்பார் என்றாள். வேலையைத் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியாது, அந்தப் பெண்ணை என்ன செய்வார்கள் என்றும் தெரியாது. அந்தப் பெண்ணும் எங்கோ ஒரு வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். ஹேமநாதன், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவனுடைய அம்மாவைக் குளிப்பாட்டித் துடைப்பதை அவன் ஒருநாளும் செய்ததில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அதைச் சும்மா சொல்லவில்லை என்று தோன்றியது. ஆனால் நேற்று ஜாம் கம்மி என்று சொன்னபோதும் இதே முகம்தான்.

"நீங்க என் பின்னால வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே தூறல் பிடித்திருந்தது. நிலையத்துச் சாலையைக் கடந்து பெரிய சந்திப்புக்கு வந்தபோது சிவப்பு விழுந்தது. இடது பக்கம் போனால் தொழிற்பேட்டை, அவள் அலுவலகம். வலது பக்கம் போனால் கூலாய், வீடு. அவள் நடுத்தடத்தில் நின்றாள். கண்ணாடியில் ஹேமநாதன் தெரிந்தான். மழைக்கோட்டு போடாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தான். மற்ற மோட்டார்கள் எல்லாம் காடிகளுக்கு இடையில் புகுந்து முன்னே போய் வெள்ளைக்கோட்டில் நின்றன. அவன் போகவில்லை. அவளுடைய பின்விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்த லாரி ஒருமுறை ஹாரன் அடித்தது. யோகேஸ்வரியின் விரல்கள் சிக்னல் கம்பியின்மேல் இருந்தன. கண்ணாடித் துடைப்பான் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது.